கேள்வி 2.4

சென்னையில் எட்டு மணித்தியாலச் சோதினை.
பலாலியில் இறங்கி ஓட்டோ பிடிக்க முன்னமே
மெயில் வந்திட்டுது. ஃபெயில்.

இப்ப திருநெல்வேலியில், பலசரக்குக் கடைக்கு மேலே,
விடிய நாலரைக்கு
ஒரேயொரு வசனத்தோட இருக்கிறன்.
சொல்லுக்குச் சொல் எழுதேலாது,
வெளியில சொல்லமாட்டன் எண்டு கையெழுத்து வைச்சனான்.
எலும்பு மட்டும் இது:

நாலாம் றூட்டரில இருந்து ஏழாவதுக்குப் போறதெல்லாம்
இரண்டாவது வழியாகவே போக வேண்டும்.
இரண்டாவது நிற்கும்வரை
ஐந்தாவது வழியாக எதுவும் போகக் கூடாது.

இங்கிலீசில் ஐஞ்சு தரம் வாசிச்சுப்போட்டுத்தான்
ஐந்தாவதின்ர வாயை மூடினன். ஒரு கட்டளை.
பிங் அடிச்சன். ஐஞ்சு ஆச்சரியக்குறி, வரிசையாய்.
மூடலாமோ எண்டு கையை உயர்த்திக் கேட்டதுக்கு
மேற்பார்வையாளர் சொன்னார்:
"கேள்வியில என்ன கிடக்கோ அதுதான்."
கேள்வியில 'கூடாது' கிடந்தது.
புள்ளி பூச்சியம்.

கோண்டாவிலில் இருந்து பிருந்தாபன் போனில்:
"உன்னில பிழையில்லை, கேள்வி வளைஞ்சது."
வளையேல்லை.
தமிழில் எழுதிப் பாத்தால் தெரியுது.
நிற்கும்வரை எண்டால்
எழும்பி நிக்கும்வரையோ, ஓடாமல் நிண்டுபோகும்வரையோ,
எப்பிடிப் பிடிச்சாலும்
'வரை' க்குப் பின்னால ஒரு நேரம் இருக்கு.
அந்த நேரத்தை நான் வாசிக்கேல்லை.

இரண்டாயிரத்து ஆறு, ஆவணி.
முகமாலை பூட்டின அண்டைக்கு
அப்பா வவுனியாவில், ரயர் வாங்கப் போனவர்.
எனக்கு ஒன்பது வயது.
திருகோணமலைக்குப் போய், கப்பலுக்குப் பேர் பதிஞ்சு,
ரயரும் இல்லாமல், தாடியோட
காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்.
கப்பலும் இல்லையெண்டால்?

மூடின வழி வேறை, போகாத வழி வேறை.
இதை யாழ்ப்பாணத்தில பிறந்த ஒருத்திக்கு
ஐஞ்சு லட்சம் கட்டிச் சோதினை எடுத்துத்தான்
விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

லப்டொப்பில் அதே ஏழு றூட்டர்.
ஐந்தாவதைத் திறக்கிறன்.
நாலாவதில், அந்தப் பக்கக் கேபிளின் செலவை
ஆயிரமாய் ஏத்திறன்.
கிடக்கட்டும், ஒருத்தரும் போகாமல், திறந்தபடி.

இனி இரண்டாவதைக் கையால விழுத்திப் பாக்க வேணும்.
விழுத்திறன்.
பிங் ஓடுது:
ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. மூண்டாவது.
(அண்டைக்கு வராத புள்ளியெல்லாம்
இப்ப எதுக்கு வருது.)
பிறகு ஆச்சரியக்குறி.

திரும்பி வாற வழியைப் பற்றி
கேள்வி ஒண்டும் சொல்லேல்லை.
அதை நான் தொடேல்லை.

கீழே கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிற சத்தம்.
2.5. முதல் வரியில் 'மட்டும்' எண்டு ஒரு சொல்.
எதுக்கு மட்டும்?
பேனையை வைச்சிட்டு
திரும்ப முதலில இருந்து வாசிக்கிறன்.