ஒதுக்கப்படாத இடம்

கிளையை மூடிவிட்டார்கள்.
இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் முகாமையாளர்.
மூடியில் விரிசல், ஒரு தடவை தட்டினால்
இரண்டு தடவை விழும் எழுத்துகள்.
தலவாக்கலையில் நாற்பதாயிரத்துக்கு ஆள் இருக்கிறது.
விற்கலாம்.
உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

அடையாள அட்டையின் இரு பக்கமும்,
லயத்து வாசலில் நிறுத்தி எடுத்த படம்,
பிணை நின்றவளின் பெயர்,
அவளுக்குப் பிணை நின்றவளின் பெயர்,
கட்டத் தவறிய வாரங்கள் சிவப்பில்.
சிவப்பு நான் கொடுத்த நிறம்.

அழிக்கிற வசதி உள்ளேயே இருக்கிறது.
எல்லாவற்றையும் அகற்று என்றேன், சரி என்றது.
முப்பத்தைந்து வீதம் வரை போய் நின்றது,
யோசித்தது, திரும்பி வந்தது.
'சிக்கல் ஏற்பட்டது.
எந்த மாற்றமும் செய்யப்படவில்லை.'

இணையத்திலிருந்து இறக்கிச் செய் என்றேன்.
போனில் இருந்த டேட்டா முழுவதையும் குடித்துவிட்டு
அதே வசனம்.
மூன்றாம் முறை கேட்டபோது நள்ளிரவு.
சம்பளப் பேச்சுவார்த்தை நடந்த நாட்களில்
இப்படி ஒரு வசனம் வந்ததும்
அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டுப் படுக்கப் போவார்.
நான் படுக்கவில்லை.

"குடுத்துட்டுப் போங்க மிஸ், பின்னேரம் தாறேன்"
என்றான் கொமியூனிகேஷன் கடை முபாரிஸ்.
மாட்டேன். முந்நூறு ரூபாய்க்கு
பென் டிரைவில் விண்டோஸ் மட்டும் ஏற்றித் தா.
ஒரு மாதிரிப் பார்த்தான்.
என்னுடைய படங்கள் ஏதோ உள்ளே இருப்பதாக நினைத்திருப்பான்.
நினைக்கட்டும்.

இரவு, போர்டிங் அறை.
எஃப் பன்னிரண்டை விடாமல் தட்டித் தட்டி
பென் டிரைவிலிருந்து எழுப்பினேன்.
கறுப்புப் பெட்டி ஒன்று திறந்தது.
டிஸ்க் பூச்சியம், டிஸ்க் ஒன்று.
எது பெரிது, எது சிறிது, இரண்டு தரம் பார்த்தேன்.
பிழைத்தால் போவது பென் டிரைவும் முந்நூறு ரூபாயும்,
இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அப்படியே இருப்பார்கள்.
கிளீன் ஓல்.
என்டர்.

வீதம் காட்டவில்லை. கோடு மட்டும் மினுங்கியது.
பெட்டரி பதினொரு நிமிடம்தான் தாங்கும்,
கரண்ட் போகக்கூடாது என்று
கொத்மலைப் பக்கம் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

இது அழிப்பதே இல்லை, எழுதுவது.
ஒவ்வொரு இடத்திலும் ஒரு பூச்சியம்.
மரியசெல்லத்தின் கைவிரல் அடையாளத்தின் மேல் பூச்சியம்.
பரமாயியின் தவறிய ஒன்பது வாரத்தின் மேல் பூச்சியம்.
நான்கு வருடத்தில் ஒருத்தியின் நிலுவையிலும்
இந்த இலக்கத்தை நான் எழுதியதில்லை.
முடியப் போகிறது என்றால்
அதற்குள் அடுத்த கடனைக் கொடுத்துவிடுவோம்.

இரண்டே முக்கால் மணித்தியாலம்.
பிறகு பட்டியல் வந்தது, ஒற்றை வரியில்:
465 ஜிபி ஒதுக்கப்படாத இடம்.
திரும்ப வாசித்தேன்.
ஏழு பேர்ச், ஏழு பேர்ச் என்று
எத்தனை தேர்தல் கேட்ட காது இது.
இவ்வளவு ஒதுக்கப்படாத இடத்தை
ஒரே வரியில் இப்போதுதான் பார்க்கிறேன்.

அதன் மேல் விண்டோஸ் ஏறியது.
எந்த நாடு என்று கேட்டது, சொன்னேன்.
இதை யார் பாவிக்கப் போகிறார்கள் என்று கேட்டது.
வாங்குகிறவன் சொல்லட்டும் என்று மூடினேன்.

கொழும்பில் இன்னொரு பிரதி இருக்கிறது.
மேசை கதிரையோடு சேர்த்து
கடன்களையும் வேறு கம்பெனி வாங்கிவிட்டது.
தெரிந்துதான் செய்தேன்.

காலை பஸ்ஸில் பரமாயி ஏறினாள்.
"மிஸ், செவ்வாக்கிழம வருவீங்கதானே?"
மடியில் பையைக் கட்டிப்பிடித்திருந்தேன்.
பதிலுக்குக் காத்திராமல்
தவணை அட்டையை நீட்டினாள், பழக்கத்தில்.
பழக்கத்தில்
நானும் பேனையைத் தேடினேன்.