திறப்பு

எங்கள் ஊரில் சாவிக்குத் திறப்பு என்று பெயர்.
பூட்டுவதும் அதுதான்.
ஏன் அப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை.

கச்சேரியின் இரண்டாம் மாடியில்
மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில்
கொழும்பு நிறுவனத்துக்காரர் திரையைக் காட்டினார்.
மாவட்டத்துக் காணிப் பதிவு முழுவதும்
இதற்குள் பத்திரமாக இருக்கும், மேடம்.
உள்ளே என்ன நடக்கிறதென்று
யாருக்கும் காட்டமாட்டோம். அவ்வளவு பாதுகாப்பு.

மேலதிக செயலர் சுகுணேஸ்வரி
பேனையை மூடி வைத்தார்.
"தம்பி, தொண்ணூற்றாறில
எங்கட வீட்டு ஆக்களின்ர பேர், வயசு எல்லாம்
படத்தோட ஒரு பட்டியலில இருந்தது.
அதை ஆர் வாசிச்சவை எண்டு
இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

தேநீர் வந்தது. குடித்தார்கள்.
பெட்டி கொழும்புக்குத் திரும்பியது.

அப்படித்தான் இந்த வேலை என்னிடம் வந்தது.
நான் சிபாரிசு செய்தது திறந்த மூல மென்பொருள்.
குறிப்பில் எழுதினேன்:
இதில் ஒளிக்க இடமில்லை, உலகமே பார்க்கிறது.
ஒப்பமிட்டுக் கொடுத்த பிறகுதான் உறைத்தது,
உலகம் என்று நான் எழுதியது ஆரை?

மாசி முழுக்க வாசித்தேன்.
ஒரு நிரலுக்குக் கீழே முந்நூற்றுப் பன்னிரண்டு பொதிகள்,
ஒவ்வொன்றும் இன்னொன்றின் தோளில்.
அதில் ஒன்றுக்குத் திகதியை மாற்றுவது மட்டும் வேலை.
ஒரே ஒரு ஆள் எழுதியது.
அவருடைய படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூனை.

மின்சாரம் போன இரவொன்றில்,
மடிக்கணினியில் பதினெட்டு வீதம் மிஞ்சியிருக்க,
அந்த வரியைக் கண்டேன்.
திகதி வெறுமையாக வந்தால்
நிரல் தடுமாறும். தடுமாறினால்
முழுப் பதிவையும், பேர், அடையாள அட்டை இலக்கம்,
காணித் துண்டு இலக்கம் எல்லாவற்றையும்
பூட்டில்லாத ஒரு கோப்பில் கொட்டிவிடும்.

கள்ளன் வைத்த வரி இல்லை.
பிழை தேட எழுதி,
நித்திரைக்குப் போகமுன் அழிக்க மறந்தது.

திகதி வெறுமையாக ஆருக்கு வரும்?
மயிலிட்டியில் மூன்று பரப்புக்கு
உறுதியும் இல்லாமல், பிறப்புப் பத்திரமும் இல்லாமல்
கிழமைக்கு ஒருக்கால் வரும் செபமாலைக்கு வரும்.
பரிசோதனைக்கு நான் ஏற்றிய முதல் பதிவே
அவருடையதுதான்.
கோப்பைத் திறந்தேன். இருந்தார்,
முழுசாக.

பூனைக்காரருக்கு எழுதினேன்.
பதினொரு நாள் கழித்துப் பதில்:
நன்றி, திருத்திவிட்டேன்.
ஆறு வருடத்தில் இந்தக் கோப்பை வாசித்ததாக
எனக்கு எழுதிய முதல் ஆள் நீங்கள்.

மடலை அச்செடுத்துக்கொண்டு போனேன்.
ஆர் நடந்துவந்தது என்று நிமிராமலே
சுகுணேஸ்வரி கேட்டார்,
"அப்ப இதை நம்பலாமோ?"

ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை.
"நான் வாசிச்ச அளவுக்கு நம்பலாம், மிஸ்.
நூற்றித் தொண்ணூறு பொதி இன்னும் கிடக்கு."
"மற்றதை வாங்கியிருந்தா?"
"அந்த ஒரு வரியும் தெரிஞ்சிராது."

கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்தார்.
பிறகு கதிரையை என் பக்கம் இழுத்தார்.
"ஒண்டைக் காட்டும் பாப்பம்.
முப்பது வருசம் உறுதி வாசிச்ச கண்.
வடக்கு எல்லை எங்க தொடங்கி
எங்க முடியுதெண்டு பாக்கத் தெரியும்."

கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்.
நிரலின் முதற் பக்கம். நாலு நிமிடம்
ஒன்றும் பேசவில்லை.
பிறகு திரையில் நகம் படக் கேட்டார்,
"இந்த அடைப்புக்குறி திறந்து கிடக்கு.
எங்க மூடுது?"

எனக்கும் உடனே தெரியவில்லை.
இரண்டு பேரும் வரி வரியாக
கீழே இறங்கத் தொடங்கினோம்.