எதிர்பாராத ஒருவருக்கு

ஸ்ட்ரோம்னெஸ்ஸில் மூன்றேகாலுக்கே இருட்டிவிடும்.
அதற்குள் வந்துவிடுவாள் தோரா ஃப்லெட்,
டிசம்பரின் முதல் செவ்வாய்,
நனைந்த கையுறைகளை
என் தபால் தராசின் மேல் வைத்தபடி.
நூற்றுப் பத்து கிராம், என்பேன்.
சிரிக்க மாட்டாள்.

பத்து வாழ்த்தட்டை அடங்கிய பெட்டி மலிவு.
நான் டண்டியிலிருந்து வந்த நாளாய்ச் சொல்கிறேன்.
(ஏழு வருடம். இந்தத் தீவுக் கணக்கில்
நேற்று மாலை.)
"பத்துப் பேரும் ஒரே ஆளா?" என்பாள்.
கம்பி அடுக்கை ஒரு சுற்றுச் சுற்றுவாள்.
கிறீச்.

படம் பிறகுதான்.
திறந்து, உள்ளே அச்சடித்ததை முதலில் படிப்பாள்.
மகிழ்ச்சி பொங்கட்டும் என்றிருந்தால்
ஐல்ஸாவுக்கு ஆகாது.
ஜூலையில் நண்டுப் படகோடு போனவன் அவள் புருஷன்.
பனிக்குள் ஒரு வீடு, சன்னலில் விளக்கு
அதுவும் ஆகாது,
யாருக்காக ஏற்றியது என்று தோன்றுமே.
கடைசியில் ஒரு முயல்.
வெள்ளைத் தாளில் வெறும் முயல்.
முயலோடு யாருக்கும் பகையில்லை.

கிரெகருக்கும் ஊனாவுக்கும்
போன வருடம்வரை ஒன்று போதும்.
இப்போது இரண்டு, தபால்தலையும் இரண்டு.
ஒரே படம் கூடாது.
ஒன்றைவிட மற்றது அழகாகவும் கூடாது.
வாரத்துக்கு ஒரு வீடாக மாறுகிற பையன்
இரண்டு குளிர்பெட்டிக் கதவையும் பார்ப்பானே.
இதற்கு மட்டும் இருபது நிமிடம்.
வரிசையில் பார்சலோடு நின்றவர்
தொண்டையைச் செருமினார்.
நானும் செருமினேன், அவரைப் பார்த்து.

கால்நடை மருத்துவருக்கு நாய்ப்படம் வேண்டாம்.
மார்ச்சில் அவளுடைய கிழட்டு நாய்க்குக்
கடைசி ஊசி போட்டவர் அவர்தான்,
போட்டுவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து அழுதவர்.
பெர்த் சிறையிலிருக்கும் ராக்ன்வால்டுக்கு
மினுக்குத்தூள் ஒட்டியது எதுவும் உள்ளே போகாது,
போன முறை திரும்பி வந்தது.
இங்காவுக்கு ராபின் குருவி ஆகாது.
ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு நோவா ஸ்கோஷியாவில் ஒரு மினா.
பதினோரு வருடமாகப் பதில் இல்லை.
"திரும்பியும் வரவில்லையே," என்றாள் தோரா,
"யாரோ கதவைத் திறந்து வாங்கிக்கொள்கிறார்கள்."
அந்த மினாவுக்குத்தான் எப்போதும்
இருப்பதிலேயே விலை கூடியது.

சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டேன்,
எல்லோரிடமும் கேட்பதுதான்:
"உபரியாக ஒன்று? நினைக்காத ஆள் யாராவது
இருபத்துமூன்றாம் தேதி அனுப்பித் தொலைத்தால்
உடனே பதில் போட?"
இதற்கு மட்டும் யாரும் மறுப்பதில்லை.
"போன வருடம் வாங்கியது அப்படியே இருக்கிறது," என்றாள்.
கையுறைக்குள் விரல்களை நுழைத்தபடி,
"அதற்கு முந்தின வருடத்ததும்."

கதவு மணி ஆடி ஓய்ந்தது.
காற்று, ஸ்க்ராப்ஸ்டர் கப்பல் இன்று வராது
என்று வாசல் பலகையில் எழுதினேன்.
சாக்கட்டி ஈரத்தில் வழுக்கியது.

கடையைச் சாத்திவிட்டு
அடுக்கின் முன் நிற்கிறேன், பாதி விளக்கில்.
ஐல்ஸாவுக்கு எது ஆகாது, கிரெகருக்கு எது ஆகாது,
கண்டிராத மினாவுக்கு எது தகும்,
எல்லாம் தெரியும் எனக்கு.
தோராவுக்கு?
கிறீச்.
கலங்கரை விளக்கம். இல்லை.
நாய். ஐயோ.
மூன்று ராஜாக்கள், மூன்று ஒட்டகம். இந்தக் காற்றிலா?
கிறீச்.

எதுவானாலும் சீக்கிரம் போய்ச் சேரக் கூடாது.
பலகையில் நானே எழுதி வைத்த
கடைசித் தேதி கழிய வேண்டும்.
இனி யாரும் இல்லை என்று
அவள் கெட்டிலை அடுப்பில் வைக்கிற நேரத்தில்
கதவு இடுக்கு வழியே விழ வேண்டும்.

அப்போது இழுப்பறையைத் திறப்பாள்.
இரண்டே இரண்டு அட்டை.
இருபது நிமிடமாவது ஆகும் அவளுக்கு.