பழுப்பு

கொட்புஸ் ரயில் நிலையத்தில்
ஊர்ப் பெயரை இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள்.
மேலே ஜெர்மன். கீழே சோர்பியம்,
கடைசி பெஞ்சுப் பிள்ளை மாதிரி.

முதுகலை, இரண்டாம் பருவம்.
நான்காம் தாள்: தொல்குடிகளும் நீடித்த வளர்ச்சியும்.
பாதி உதவித்தொகை, மீதி வங்கிக் கடன்.
இதைப் படிக்க அங்கே எதற்கு என்றார் விசா அதிகாரி.
ஏதோ சொன்னேன். முத்திரை விழுந்தது.

கள ஆய்வுக்கு வாய்த்தவன் கித்தோ.
சோர்பியன். என் வயதுதான்.
சுரங்கத்தில் நீரிறைக்கும் பம்பு அவன் பொறுப்பு.
பிறந்த ஊர் அந்தப் பள்ளத்தில்தான் போயிற்று;
சர்ச் மணியை மட்டும் லாரியில் ஏற்றினார்களாம்.
"அங்கே தண்ணீர் இறைத்ததும் நான்தான்" என்றான்,
நேற்று மழை பெய்தது என்பதுபோல.

என் வினாத்தாளில் அதற்குக் கட்டமில்லை.
பாதிக்கப்பட்டவர், இரண்டாம் பக்கம்.
நிறுவன ஊழியர், ஏழாம் பக்கம்.

மேட்டில் ஏறி நின்றோம்.
கீழே சக்கரம்
வாளி வாளியாய் மண்ணைத் தின்றுகொண்டிருந்தது.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
ப்ளஸ் டூ கணக்கெல்லாம் அதைக் கேட்டபடிதான் போட்டேன்,
நெய்வேலியில், கொசுவலை அடித்த ஜன்னலோரம்.
அதே கரி. அதே பழுப்பு.
சக்கரம்கூட இந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்ததென்று
அப்பா பெருமையாகச் சொல்வார்.

"உங்கள் பக்கம் எத்தனை ஊர் போயிற்று?"
சும்மாதான் கேட்டான் கித்தோ,
பிளாஸ்க் மூடியைத் திருகியபடி.

இங்கே போன ஊர்கள் எனக்கு மனப்பாடம்,
சோர்பிய உச்சரிப்போடு.
எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடியில் எந்த ஊர் இருந்தது?
அப்பா முப்பத்தொரு வருஷம் ஷிப்டு போனார்.
பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தீபாவளி போனஸ்,
பத்து மணிக்கு அணையாத தெருவிளக்கு.
யாரும் சொன்னதில்லை.
நான் கேட்டதுமில்லை.

எங்கள் தெருவைக் கூட்ட வருகிறவளை
எல்லோரும் நரியங்குப்பத்தம்மா என்பார்கள்.
உங்கள் ஊருக்கு எந்த பஸ் போகும் என்று
எட்டாம் வகுப்பில் ஒருநாள் கேட்டேன்.
துடைப்பத்தைக் கைமாற்றிக்கொண்டு
வெகுநேரம் சிரித்தாள்.
நானும் கூடச் சிரித்தேன்.

"ஒன்று" என்றேன்.

"ஒன்றுதானா? கொடுத்துவைத்தவர்கள்" என்றான் கித்தோ,
காப்பியை என் பக்கம் நீட்டி.

திருத்தும் அளவுக்கு என் ஜெர்மன் போதும்.
பஸ் வந்துவிட்டது.