கத்தரி

ஆடி பிறந்து பதினோரு நாள்.
அரவேணுவில் வெயில் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.
இலை ஏற்றி வரும் ஜீப்பின் தார்ப்பாய்கூட
பூசணம் பிடித்து நாறுகிறது.

தராசடியில் போஜன்
ஒரு கை இலையை அள்ளித் திருப்புகிறார்.
மேலே எண்ணெய்ப் பொட்டுபோல் ஒரு குழி.
அடியில், அதே இடத்தில், வெள்ளை வெல்வெட் வீக்கம்.
"கொப்புளம். கிலோவுக்கு ரெண்டு ரூபா கழிவு."
சரோஜினி ஒன்றும் சொல்லவில்லை.
காலிச் சாக்கை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்,
இனி மடிக்க முடியாதவரை.

எனக்கு இரவு ஷிப்ட், இலை புளிக்கும் தளத்தில்.
கடிகாரம் சுவரில் இருக்கிறது, ஆனால்
சம்பளம் என் மூக்குக்குத்தான்.

குன்னூர் ஆய்வகத்திலிருந்து பிரிசில்லா வந்திருந்தாள்,
மீன்காரர் போல ஓர் ஐஸ் பெட்டியோடு.
கொப்புளம் விழுந்த இலை, விழாத இலை,
விழுந்தும் பரவாமல் நின்றுபோன இலை:
மூன்று பொட்டலம்.
என்ன தேடுறே என்றேன்.
கத்தரிக்கோல் என்றாள்.

பூஞ்சையின் சுவர் கைட்டினாம்.
நண்டின் ஓடும் கரப்பானின் முதுகும் ஆன அதே சரக்கு.
தேயிலையின் உடம்பில் அது ஓர் இழைகூடக் கிடையாது.
தன் வீட்டில் இல்லாத துணிக்கு
ஒரு கத்தரி அடித்து
செல்லுக்குச் செல் சொருகி வைத்திருக்கிறது செடி.
கைட்டினேஸ்.
யார் போய்ச் சொன்னது அதனிடம்,
மழையோடு இப்படி ஒருவன் வருவான் என்று?

வருகிறான். ஈரத்தில் முளைவிட்டு
இலைத்தோலை நெம்புகிறான்.
கத்தரி அவன் சட்டையைக் கிழிக்கிறது.
கிழிந்த துண்டுதான் மணி.
அடுத்த செல் கேட்டுக் கதவைச் சாத்துகிறது.
அதற்கடுத்தது
தன்னையே கொளுத்திக்கொள்கிறது,
காட்டுத்தீ வருமுன்னே
வனத்துறை எரித்துவைக்கும் புல்வரிபோல.

விழுந்த துண்டுகளை
மணி அடிக்குமுன் பொறுக்கிக்கொள்ளும் பூஞ்சையும் உண்டாம்.
அதைச் சொல்லும்போது பிரிசில்லா
கொஞ்சம் மரியாதையோடு சொன்னாள்.

முற்றிய இலையிடம் கொப்புளம் வாலாட்டாது.
நாம் கேட்பதோ இரண்டு இலை, ஒரு மொட்டு.
கத்தரி பிடிக்கப் பழகாத வயசு.

போகிறபோது தளத்தைப் பார்த்து நின்றாள்.
உருளைப் பற்கள் நறுக்கித் தள்ளிய இலை
பச்சை விட்டுச் செம்புக்கு மாறிக்கொண்டிருந்தது.
"இதுவும் ஒரு நொதிதான் அக்கா.
கிழிபட்ட இடத்துல துவர்ப்பையும் காத்தையும் சேர்த்து
வந்தவன் வாயைக் கட்டப் பார்க்கும்."

பதினாறு வருஷம்
இதைப் பக்குவம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது விரிப்பின் ஓரம் நிற்கும்போது
கால் கொஞ்சம் தயங்குகிறது.
பறித்து ஒரு நாளாயிற்று, வேர் எங்கோ கிடக்கிறது,
துணுக்குத் துணுக்காய் ஆனபிறகும்
சண்டை நிற்கவில்லை.
எதிரே யாரும் இல்லை, நான்தான்.
குனிந்து மோந்து பார்க்கிறேன்.
பச்சை வாடை போய், ஆப்பிள் வாடை வந்து,
அது உச்சிக்கு ஏறும் நொடியில்
அடுப்புக்குத் தள்ளிவிடுகிறேன்.
ஒரு நிமிஷம் பிந்தினால் நிறம் செத்துவிடும்.

கழித்த இலை தனிக் குவியல்.
அதன் தூள்தான் விடியற்காலை எங்களுக்கு டீ.
வெளுத்த டீ. சர்க்கரை கூடப் போட்டால்
சரோஜினியின் ரெண்டு ரூபாய் நாக்கில் தட்டுவதில்லை.

குடித்துவிட்டு ரப்பர் பூட்ஸைக் கழற்றுகிறேன்.
விரலிடுக்கில் சேற்றுப்புண் வெந்து கிடக்கிறது.
இதுவும் பூஞ்சைதான்.
மனுஷ உடம்பிலும் கைட்டின் கிடையாதாம்,
மனுஷ உடம்பிலும் அந்தக் கத்தரி உண்டாம்.
எங்கே வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

நகத்தால் சொறிகிறேன்.
வெளியே மழையில் முதல் கியரில்
ஏறி வருகிறது ஜீப்.