பெற்றோர்: இல்லை

அட்டவணையை அடித்தது நான்தான்.
கப்பலூரில், ரப்பர் வாடை
ஃபைல்களுக்குள்ளும் ஏறிவிட்ட அறையில்,
கரண்ட் இரண்டு முறை போய் வந்த மத்தியானத்தில்.

மருத்துவக் காப்பீடு, ஏப்ரல் முதல்.
மேனேஜர் கிரேடு: ஐந்து லட்சம்.
தான், துணை, பிள்ளைகள் இருவர், பெற்றோர்.
ஸ்டாஃப் கிரேடு: இரண்டு லட்சம்.
தான், துணை, பிள்ளைகள் இருவர்.
கடைசிக் கட்டத்தில் என்ன போட என்று கேட்டேன்.
‘இல்லைன்னு போடும்மா’ என்றார் தேவநேசன் சார்.
போட்டேன்.
பெற்றோர்: இல்லை.
ஒரு கட்டத்தில் அடித்துக்
கீழே இழுத்துவிட்டதும்
அறுபத்திரண்டு பேர் அநாதை ஆனோம்.

தேவநேசன் சாரின் அப்பாவும் அம்மாவும்
கல்லறைத் தோட்டத்தில்
பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள்.
நவம்பர் இரண்டாம் தேதி தவறாமல் லீவு போடுவார்.
அட்டவணைப்படி அவருக்குப் பெற்றோர் உண்டு.

கெட்டவர் இல்லை அவர்.
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்:
எல்லார் வீட்டுக் கிழவன் கிழவியையும் சேர்த்தால்
பிரீமியம் இவ்வளவு,
அதற்கு மிக்ஸிங் செக்‌ஷனில் மூன்று பேரைக் குறைக்கணும்,
எந்த மூன்று பேர், நீயே சொல்லு.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
இப்போதும் தெரியவில்லை.

பைபாஸ் ரோட்டு கன்சல்டன்ட் போனில் சொன்னார்:
சட்டத்தில் தடை ஒன்றும் இல்லைங்க,
படிக்குப் படி வித்தியாசம் வைக்கலாம்,
ஒரே படியில் நிற்கிறவர்களுக்குள் வைத்தால்தான் வம்பு.
வைக்கலாம்.
அந்தச் சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டேன்.
வைக்கலாமா என்று நான் கேட்டது
வேறொரு கேள்வியோ என்னவோ.

ஒச்சம்மாள் கூட்டிப் பெருக்குகிறவள், காண்ட்ராக்ட்.
அவள் எங்கள் அட்டவணையிலேயே இல்லை.
ஆனால் அவளுடைய இ.எஸ்.ஐ. அட்டையில்
அவள் அப்பா சோணை இருக்கிறார்.
செக்கானூரணியிலிருந்து முதல் பஸ்ஸில் கூட்டிவந்து
வரிசையில் உட்கார வைப்பாள்.
மாத்திரை கிடைக்கும்,
அல்லது ‘ஸ்டாக் இல்லை, திங்கக்கிழமை வா’ கிடைக்கும்.
எப்படியும் அவருக்கு ஒரு வரிசை இருக்கிறது.

எங்கள் அம்மாவுக்கும் இருந்தது.
போன வருஷம் எனக்கு இன்கிரிமென்ட், ஆயிரத்து நானூறு.
சம்பளம் இருபத்தோராயிரத்தைத் தாண்டியது.
திருமங்கலத்து வண்டியில் சொல்லிவைத்து
செக்‌ஷன் முழுக்கப் பருத்திப்பால் வாங்கித் தந்தேன்.
அந்த அரை வருஷக் கணக்கு முடிந்த அன்று
நான் ஏறிய படியிலேயே
அம்மா அட்டையை விட்டு இறங்கிவிட்டாள்,
ஒரு கண்ணில் புரையோடு.

அறிவிப்பை ஒட்டிய மறுநாள் காலை
‘இல்லை’க்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு பெயர்:
முத்துராக்கு, வயது 67, சர்க்கரை.
மத்தியானத்துக்குள் கீழே இன்னும் ஐந்து.
யாரோ ஊர் எழுதியிருந்தார்கள், வலையங்குளம் என்று.
யாரோ ஒருவர் ‘அப்பா’ என்று மட்டும்.
குப்புராம் தன் அம்மா பெயரை
சௌராஷ்டிர எழுத்தில் எழுதிவிட்டு,
ஆபீஸில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்று சிரித்தார்.
வெள்ளிக்கிழமை கட்டத்தில் இடமில்லை,
மார்ஜினில் ஏறினார்கள்,
மேனேஜர் கிரேடின் பெற்றோருக்கு மேலேயும் இரண்டு பேர்.

‘புதுசா ஒண்ணு எடுத்து ஒட்டிடும்மா,
கண்ணாடிக் கதவைப் பூட்டிடு.’
குரலில் கோபமில்லை.
எடுத்தேன். ஒட்டினேன். பூட்டினேன்.

பழைய தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை,
அதனால் கிழிக்கவில்லை.
நாற்பத்தொரு பெயர்.
அதில் ஒன்று உன் கையெழுத்து மாதிரியே இருக்கே என்றார் குப்புராம்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

சொட்டு மருந்து விடும்போது அம்மா கேட்கிறாள்,
பர்ஸில் என்னடி புதுச் சாவி.
போர்டு சாவி என்கிறேன்.
அண்ணாந்தபடியே,
‘பத்திரமா வச்சுக்க’ என்கிறாள்.