இரண்டாயிரத்து முந்நூறில் ஒரு பள்ளம்

ரொட்டி வெட்டும் பலகையைக் காணோம் என்று
ஐலிஃப் மூன்று நாளாய்த் தேடுகிறான்.
அது என் எதிரில்தான் கிடக்கிறது,
பதினாறு துளைகளோடு,
சால்டரிங் புகை ஏறிய வாசத்தோடு.

பூடோவில் நவம்பர்.
மூன்று மணிக்கே ஜன்னல் கறுத்துவிடும்.
எங்கள் படகு பழுதுபார்ப்புத் துறையில்.
இயந்திர அறை இல்லாத ஒரு வாரத்தை
என்ன செய்வதென்று தெரியாமல்
ஸ்பீக்கர் செய்கிறேன்.

தடித்த செம்புக் காயில்கள் இரண்டு.
ஒன்றைப் படுக்கவைத்தேன், மற்றதை நிமிர்த்தினேன்.
ஒரே திசை பார்த்தால்
ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குள் கசியும்.
நடுவே இரும்புத் திருகாணி போட்டது முதல் தப்பு:
இரும்பு புகுந்ததும்
காயிலின் மதிப்பே மாறிப்போனது.
கழற்றி எறிந்து பித்தளை போட்டேன்.

ட்வீட்டருக்குப் போகும் வழியில் கெபாசிட்டர்,
கனத்த ஒலியை வாசலிலேயே திருப்பி அனுப்ப.
வூஃபருக்குப் போகும் வழியில் காயில்,
கீச்சுகளை உள்ளே விடாமலிருக்க.
அந்தக் கீச்சுகளை நான் கேட்டுப்
பதினோரு வருடம் ஆகிறது.
நிறுவன மருத்துவர் நீட்டிய தாளில்
என் காதின் கோடு நாலாயிரத்தில் சரிந்து
அப்புறம் எழவேயில்லை.

"ட்வீட்டர் யாருக்கு, குன்வோர்?"
கடையில் ஓட்வார் சிரிக்காமல்தான் கேட்டான்.
இரண்டு கொடு என்றேன்.

சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
மைக்கை நாற்காலி முதுகில் கட்டி அளந்தேன்.
திரையில் நேராய் வந்த கோடு
இரண்டாயிரத்து முந்நூறில்
கிணற்றில் விழுந்தமாதிரி விழுந்தது.
ஒரு மணிநேரம் ஒவ்வொரு பற்றையும் தடவிப் பார்த்தேன்.
பிறகுதான் வரைபடத்தின் மூலையில், காபிக் கறைக்கடியில்,
பொடி எழுத்து:
ட்வீட்டரைத் தலைகீழாய் இணைக்கவும்.

முறையாய் மாட்டினால் முறைத்துக்கொள்கின்றன.
கம்பிகளை மாற்றினேன்.
பள்ளம் தூர்ந்துவிட்டது.

அதற்குமேல் என் காதால் ஆகாது.
ஐலிஃபைக் கூப்பிட்டு உட்காரவைத்து
அவன் பாடும் குழுவின் ஒலிப்பதிவைப் போட்டேன்.
இரண்டு புள்ளி இரண்டு ஓம்:
பல் கூசுபவன்போல் முகத்தைச் சுளித்தான்.
மூன்று புள்ளி மூன்று:
ஒரு புருவம் மட்டும் இறங்கியது.
பாட்டை நான் கேட்கவில்லை,
அந்த இன்னொரு புருவத்தையே பார்த்திருந்தேன்.
நான்கு புள்ளி ஏழில்
கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:
"பின்வரிசையில் யாரோ தாள் திருப்புகிறார்கள்.
எல்லிங்தான். எப்போதும் அவன்தான்."

ஒலியை ஏற்றி
வெள்ளைச் சிமெண்ட் ரெசிஸ்டரில் விரல் வைத்தேன்.
வெதுவெதுப்பாய் இருந்தது.
எனக்கு வராத ஒலியில் ஒரு பங்கு
இதன் வழியாய்த்தான் போய்க்கொண்டிருந்தது,
கொஞ்சம் சூட்டை இங்கே விட்டுவிட்டு.
பாட்டு முடியும்வரை
விரலை எடுக்கவில்லை.

ஐலிஃப் குனிந்து பார்த்தான்.
"இது நம்ம ரொட்டிப் பலகை இல்லையா?"

என்ன, என்றேன்,
காதருகே கையைக் குவித்து.